மஸ்கி நிற்கும் இடம்

டெவ்லின் ஏரி, விஸ்கான்சின்
11 ஜூன் 1961

அன்புள்ள அப்பாவுக்கு ஹெல்மி எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். லெம்பி பெரியம்மாவும் நலம். காலையில் மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உங்கள் இருமல் விட்டதா? கப்பலின் என்ஜின் அறைச் சூட்டிலிருந்து நேராக மேல்தளத்துக்குப் போய்க் காற்றில் நிற்காதீர்கள். அம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

மீன்பிடிக்க வருகிறவர்களுக்குப் பெரியம்மா வாடகைக்கு விடும் குடில்கள் எல்லாமே நிரம்பிவிட்டன. படுக்கை விரிப்பு துவைப்பதும், படகில் தேங்கிய தண்ணீரை இறைப்பதும் என் வேலை. பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று விருந்தாளிகள் கேட்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நின்றேன், பிப்ரவரியில் அம்மா போன பிறகு திரும்பிப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்ல நினைப்பேன். அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் சொன்ன வேலையை மறக்கவில்லை. "நல்ல மஸ்கி மீன் இடமா ஒண்ணு பாத்து வை. செப்டம்பர்ல லீவு போட்டு வர்றேன். ரெண்டு பேரும் ஒரு மீனப் புடிச்சுட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்று பஸ் நிலையத்தில் சொன்னீர்களே. அதற்காகத் தூண்டில் கடைக்குப் போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தடவை கடைக்காரர் கிளாரன்ஸ், "என்ன பொண்ணு, புழு வேணுமா, இல்ல காத்து வாங்க வந்தியா?" என்று கேட்டார்.

"மஸ்கி எங்க கிடைக்கும்?" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். கிளாரன்ஸ், "சர்ச் வளைகுடா" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வழியில் தபால்காரரும் அதையேதான் சொன்னார். இத்தனை பேர் சொல்வதால் அதுதான் இடம் என்று நினைக்கிறேன். செப்டம்பரில் எந்த வாரம் வருவீர்கள்?

பூனைக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்? பக்கத்து வீட்டிலா விட்டிருக்கிறீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஹெல்மி


கிளீவ்லாந்து துறைமுகம்
2 ஜூலை

என் கண்ணு ஹெல்மிக்கு,

அப்பா நலம். இருமல் பாதி போய்விட்டது, மீதி சிகரெட்டால் நிற்கிறது. உன் உடம்பும் பெரியம்மா முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

உன் கடிதத்தைக் கப்பல் சமையல்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் சூப் சிந்திவிட்டது. மஸ்கி பிடிக்கிற ஊரில் யாரும் தன் இடத்தைச் சொல்ல மாட்டார்கள், மகளே. சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். வெளியூர்க்காரர்களை அனுப்புவதற்கென்றே ஒவ்வோர் ஏரியிலும் ஓர் இடம் வைத்திருப்பார்கள். உங்கள் ஏரிக்கு அது சர்ச் வளைகுடா. அங்கே ஒரு தவளைகூட இருக்காது.

இந்தப் பயணத்தில் நல்ல வெயில். இரும்புத்தாதை இறக்கிவிட்டு வெறும் கப்பலாக வடக்கே போகிறோம். சுப்பீரியரில் வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வருவேன். செப்டம்பரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அப்பா


டெவ்லின் ஏரி
16 ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். முழங்காலுக்குப் பெரியம்மா தினமும் சௌனா நீராவி அறையில் உட்காருகிறார். வலி போகிறது என்கிறார், ஆனால் படி ஏறும்போது முனகுகிறார்.

நான் சர்ச் வளைகுடாவுக்கு மூன்று காலை போய் வந்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. தூண்டில் கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

துணி காயப்போடும் கொடி ஏரியைப் பார்த்து இருக்கிறது. விரிப்புகளுக்குப் பின்னால் நின்றால் என்னை யாருக்கும் தெரியாது. இங்கே வெண்டல் என்று ஒரு வழிகாட்டி இருக்கிறார். நகரத்து ஆட்களைக் கூலிக்கு மீன்பிடிக்க அழைத்துப் போகிறவர். என்ஜின் போட்டுத் தூண்டிலை இழுத்தால் இங்கே அபராதம் என்பதால் எல்லோரும் துடுப்புப் போட்டுத்தான் இழுக்கிறார்கள். மற்ற படகுகள் நேராகப் போகும். வெண்டல் மட்டும் சர்ச் பக்கம் போவதுபோலப் போய், தீவுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். திரும்பி வரும்போது அவர் துடுப்பில் அகன்ற இலைப் பாசி ஒட்டியிருக்கும். கரையோரத்தில் எங்கும் அந்தப் பாசி கிடையாது.

வியாழக்கிழமை விடியும் முன்பே உங்கள் பழைய தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு ஓட்டைப் படகில் போனேன். தீவுக்குப் பின்னால், அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கின்றன. அதைத் தாண்டினால் அந்தப் பாசி. பாசி முடிகிற இடத்தில் ஒரு பாறை மேடு. அதற்கு அப்பால் துடுப்பை விட்டுப் பார்த்தாலும் அடி தட்டவில்லை.

மான்வால் மயிர் கட்டிய உங்கள் பொய்மீனைத்தான் வீசினேன். நாலாவது வீச்சில் அதற்குப் பின்னால் ஒரு கட்டை மிதந்து வருவதுபோல் தெரிந்தது. கட்டைக்குக் கண் இருந்தது. அப்பா, அது அவசரப்படவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே படகு வரை வந்தது. நான் பயந்து பொய்மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டேன். அது அங்கேயே சற்று நேரம் நின்றது, பிறகு கீழே இறங்கிவிட்டது. அன்று முழுக்க விரிப்புகளைத் தப்பும் தவறுமாக மடித்தேன். உட்காரவே முடியவில்லை.

அது உங்களுக்கான மீன். செப்டம்பரில் எந்த வாரம் என்று மட்டும் எழுதுங்கள். பூனை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ஹெல்மி


சுப்பீரியர்
6 ஆகஸ்ட்

என் கண்ணு ஹெல்மிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் கை துறுதுறுக்கிறது. கட்டைக்குக் கண் இருந்தது என்று எழுதினாயே, அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் இடத்தைச் சொல்லவில்லை. அந்த மீனைக் கொஞ்ச நாள் விட்டுவிடு. மறுபடி மறுபடி போனால் முகம் தெரிந்துகொள்ளும். வேறு யாராவது பிடித்துவிட்டாலும் கவலைப்படாதே. மஸ்கி நிற்கிற நல்ல இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது. ஒன்று போனால் இன்னொன்று வந்து நின்றுகொள்ளும். அது இயற்கை. யாரையும் குறை சொல்ல முடியாது.

சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாயிற்று. வெளிச்சமாக இருக்கிறது. பூனை கொழுத்துவிட்டது.

செப்டம்பரில் சரக்கு அதிகம், லீவு கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். பார்க்கலாம்.

அப்பா


டெவ்லின் ஏரி
20 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பெரியம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு ரொட்டி மாவை ரொம்ப நேரம் அடித்துப் பிசைந்தார்.

மஞ்சள் யார் அடித்தது? நீங்கள் ஜூலை முழுக்கக் கப்பலில் இருந்தீர்கள்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி விட்டுவைக்க முடியாமல் நான் மறுபடி அந்த மேட்டுக்குப் போனேன். பனிமூட்டத்தில் வெண்டலின் படகு பக்கத்தில் வந்து நின்றது.

"யாரு அது? லெம்பியோட வாயில்லாப்பூச்சியா?"

நான் தலையாட்டினேன்.

"இந்த இடத்த உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பின்ன கனவுல வந்துச்சா?"

"உங்க துடுப்புல பாசி ஒட்டியிருந்துச்சு."

அவர் தன் துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். "ஊரே மோப்பம் புடிச்சும் கண்டுபுடிக்கல. கடைசியில பாசி காட்டிக் குடுத்துடுச்சு" என்று முணுமுணுத்தார். "வேற யாருகிட்ட சொன்ன?"

"எங்கப்பாகிட்ட. கடுதாசியில."

"அவரு எங்க இருக்காரு?"

"கப்பல்ல."

"அப்ப சரி. கப்பல இந்த ஏரிக்குள்ள கொண்டுவர முடியாது."

அவருக்குத் தோள்பட்டையில் பிசகு. துடுப்புப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். "பேசத் தெரிஞ்சவன வச்சா சாயங்காலமே கிளாரன்ஸ் கடையில ஒளறிடுவான். நீ வர்றியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "வாயத் தொறந்து சொல்லு, நாளைக்கு இல்லேன்னுடாத" என்றார். சொன்னேன்.

துடுப்புப் போடுகிறவள் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்து வீசுகிறவருக்கு எதிரே என் முகம் இருக்கும். அதனால் மீன் தொடர்ந்து வந்தால் முதலில் எனக்குத்தான் தெரிகிறது. அப்போது நான் "எட்டு" என்று சொல்ல வேண்டும். பொய்மீனைத் தூக்காமல், கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு எழுதுவதுபோலப் பெரிதாகச் சுற்ற வேண்டும். தொடர்ந்து வருகிற மீன் அந்த வளைவில்தான் கடிக்கும். ஜூலையில் நான் செய்த தப்பு இதுதான். முதல் வாரம் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு சொல் மட்டும்தான்.

நம் மீனை அவர் யாருக்கும் காட்டவில்லை. உங்களுக்காக வைத்திருக்கச் சொல்லி நானே கேட்டேன்.

எப்போது வருகிறீர்கள்?

ஹெல்மி


டெட்ராய்ட், அஞ்சலட்டை
14 செப்டம்பர்

ஹெல்மி, நலம். இந்த மாதம் முடியாது. அக்டோபர் 21 சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன். கூட ஒருவரை அழைத்து வருவேன். தூண்டில் பிடித்துப் பழக்கம் இல்லாதவர். பெரிய படகாகப் பார்த்து வை. அப்பா.


டெவ்லின் ஏரி
24 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இலைகள் சிவந்துவிட்டன. காலையில் துடுப்பின் பிடி சில்லென்று இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்கிறேன். நீங்களும் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்திருப்பீர்கள். அது மாடி அலமாரியில் அம்மாவின் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

யாரை அழைத்து வருகிறீர்கள்? பெரியம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பன்கிட்ட கேளு. அவன் வாயால சொல்லட்டும். நான் ஏன் சொல்லணும்?" என்றார். பிறகு இதுவரை எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "கோட்டுக்குக் கீழன்னா எழுதுன? கோட்டு இன்னும் அங்க இருக்குமா என்ன" என்றார்.

குளிர்காலத் துணியை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவோம் இல்லையா? வெண்டலிடமும் சொல்லிவிட்டேன். "போறியா? அப்ப எனக்கு நவம்பர் போச்சு. பெரிய மீனெல்லாம் ஏரி ஒறையறதுக்கு முன்னாடிதான் எரை எடுக்கும், தெரியுமா" என்றார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

காரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதுங்கள். என் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம்.

ஹெல்மி


சுப்பீரியர்
29 அக்டோபர்

என் கண்ணு ஹெல்மிக்கு,

வந்து சேர்ந்தோம். வழியில் பனித்தூறல். ஐரீனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். பெரியம்மாவுக்கு என் நன்றியைச் சொல். அவள் என்னோடு பேசவில்லை என்றாலும் மீன் சூப்பை எனக்குத்தான் அதிகமாக ஊற்றினாள்.

ஐரீனைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவள், நல்ல மனுஷி. ஆகஸ்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நேரில் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நேரில் வந்தபோது நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் பக்கம் வந்துவிட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் வரவில்லை. பெட்டியை மறுபடி உள்ளே வைக்கச் சொன்னது உன்னை வேண்டாம் என்று அல்ல. முதலில் அவளும் நீயும் பழகட்டும் என்றுதான்.

படகில் நடந்ததைக் கேட்கிறேன். நான் முன்பக்கம் உட்கார்ந்து நூல் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். ஐரீன் பின்பக்கம், உனக்கு நேர் எதிரே. "என்னங்க, பாசி மாட்டிக்கிச்சுபோல" என்று அவள் கோலை மேலே தூக்கினாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த முதுகு படகுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த கோல் நீளம் இருக்கும். என் ஆயுளில் அப்படி ஒரு மீனைப் பார்த்ததில்லை. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். நீ மட்டும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தாய்.

நீ அதைப் பார்க்கவில்லையா?

திரும்பும் வழியில் அவள் அழுதாள். "அந்தப் பொண்ணுக்கு என்னக் கண்டாலே ஆகல. மூணு மணி நேரம் மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து ஒரு வார்த்தை பேசல" என்றாள். நீ எல்லோரிடமும் அப்படித்தான், கூச்ச சுபாவம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில் எழுது.

அப்பா


சுப்பீரியர்
12 நவம்பர்

ஹெல்மிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ சாப்பிடுகிறாய், வேலை செய்கிறாய், நலமாக இருக்கிறாய் என்று பெரியம்மா மூன்று வரி எழுதியிருந்தாள்.

மாடி அறையை ஐரீன் உனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள். புதுத் திரை தைத்திருக்கிறாள். நன்றித் திருநாளுக்கு நீ இங்கே இருக்க வேண்டும் என்கிறாள். 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் இருக்கிறது. உங்கள் ஊர் பெட்ரோல் கடை வாசலில் நிற்கும். நான் இரண்டு நாள் கரையில் இருப்பேன், நிலையத்துக்கு வந்து காத்திருப்பேன்.

அம்மாவின் கோட்டு உன் அறையில் தொங்குகிறது. அதைக் கொடுத்துவிட்டதாக உன் பெரியம்மா நினைத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இனி நீ வீட்டுக்கு வந்துவிடலாம். ஐரீனைச் சித்தி என்று கூப்பிடு. அவள் சந்தோஷப்படுவாள்.

அப்பா


டெவ்லின் ஏரி
22 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் நிலையத்தில் எவ்வளவு நேரம் குளிரில் நின்றீர்களோ தெரியவில்லை. அதை நினைத்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இருமல் திரும்ப வந்திருந்தால் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். நான் நலமாக இருக்கிறேன். பெரியம்மாவும் நலம்.

நான் பஸ்ஸுக்குப் போனேன். பெட்டியோடுதான் போனேன். ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்டதெல்லாம் வீட்டுக்கு எப்போது என்பதுதானே. பஸ் வந்தது, கதவும் திறந்தது. டிரைவர், "ஏறும்மா, கதவத் தொறந்து வச்சா குளுருது" என்றார். ஒரு காலைப் படியில் வைத்தேன். உள்ளே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் வரலீங்க" என்றேன். கடைசி இருக்கைக்குக் கேட்கும்படி சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பார்த்தேன் அப்பா. மீன் வெகுதூரத்தில் வரும்போதே பார்த்தேன். ஐரீனின் பொய்மீனுக்குப் பின்னால் அது வாயை லேசாகத் திறந்து வந்தது. "எட்டு" என்று சொல்ல நேரம் நிறைய இருந்தது. தினமும் யார் யாருக்கோ சொல்கிற சொல்தான். கூச்சத்தால் சொல்லாமல் விடவில்லை. அவருக்கு அது கிடைக்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் கோலைத் தூக்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்தபோது அதுவும் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்தால் அந்தப் படகில் இருந்ததுபோலத்தான் இருப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு. அதைக் கூச்சம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஏறவில்லை. கோபத்தில் இல்லை.

இந்த மாத முடிவு வரை, அல்லது ஏரி உறையும் வரை, வெண்டலோடு துடுப்புப் போடுவேன். நேற்று பெட்ரோல் கடை வாசலிலிருந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன, மதியச் சாப்பாடா?" என்றார். குளிர்காலத்துக்குப் பெரியம்மா இருக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, துடுப்புப் போடும்போது பரவாயில்லை.

சித்தி என்று கூப்பிட வாய் வரவில்லை. ஆனால் ஐரீனிடம் இதைச் சொல்லுங்கள். பின்னால் மீன் வந்தால் தூக்கக்கூடாது. நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட வேண்டும், வளைவு பெரிதாக இருக்க வேண்டும். படகில் சொல்லியிருக்க வேண்டியது, இப்போது சொல்கிறேன். மே மாதக் கடைசியில் மஸ்கி பிடிக்கும் பருவம் மறுபடி திறக்கும். இரண்டு பேரும் வாருங்கள், அதே மேட்டுக்கு அழைத்துப் போகிறேன். அவரைப் பின்பக்கமே உட்காரச் சொல்லுங்கள்.

கரையோரம் தண்ணீர் பனிக்கட்டி ஆடை கட்டிவிட்டது. உடைத்துத்தான் படகை இறக்க வேண்டும். வெண்டல் வெளியே நின்று சீட்டி அடிக்கிறார், போக வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் எழுதும்போது கடிதத்தின் கீழே ஐரீன் பெயரையும் போடுங்கள். நான் படித்துக்கொள்கிறேன்.

ஹெல்மி